பழைய கல்யாண கேசட்டை கம்ப்யூட்டரில் எடிட் செய்வது எப்படி?

உங்கள் வீட்டு பீரோவில் கல்யாண வீடியோ கேசட் ஒன்று கிடக்கிறதா? அதைப் போட்டுப் பார்க்க உதவிய விசிஆர் எப்போதோ பழைய சாமான் கடைக்குப் போயிருக்கும். புதிதாக வாங்கவும் வழியில்லை. விசிஆர் தயாரித்து வந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் புனாய் எலக்ட்ரிக், 2016 ஜூலையோடு அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டது. கேசட் டேப்பில் உள்ள காந்தப் பூச்சுக்கும் வயதாகிக் கொண்டே போகிறது. எனவே கேசட்டில் உள்ளதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்து, உட்கார்ந்து பார்க்கும்படி எடிட் செய்து வைப்பது தள்ளிப் போடக் கூடாத வேலை.

எடிட்டிங் என்றதும் டைட்டில், டிரான்சிஷன், பின்னணிப் பாட்டு இவைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இவற்றை எந்த சாப்ட்வேரிலும் ஒரு மாலைப் பொழுதில் பழகிவிடலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மூன்று மணி நேர வீடியோவை வெட்டி, ஒட்டி, சேவ் செய்யும்போது, அதில் மிச்சமிருக்கும் கொஞ்ச நஞ்சத் தரத்தையும் நம்மை அறியாமல் இழந்து விடுகிறோம். என் பெற்றோரின் 1995-ம் வருடக் கல்யாண கேசட்டில் நான் செய்த வேலையை வைத்தே இதை விளக்குகிறேன். அந்த கேசட்டில் என் அப்பத்தா பேசும் குரல் பதினோரு விநாடி இருக்கிறது. அவர் குரல் வேறு எங்கும் பதிவாகவில்லை. அதனால் ஒவ்வொரு படியிலும் என்ன நடக்கிறது என்று பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியிருந்தது.

கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு

முதலில் கேசட்டின் மூடியைத் திறந்து டேப்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பூசணம் தெரிந்தால் விசிஆரில் போடவே வேண்டாம். டேப்பும் கெடும், விசிஆரின் ஹெட்டும் கெடும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். டேப் நன்றாக இருந்தால், ஒரு முறை கடைசி வரை ஓடவிட்டு ரீவைண்ட் செய்யுங்கள். பல வருடமாக ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த சுற்றுகள் பிரிந்து சீராக ஓடும்.

விசிஆரையும் கம்ப்யூட்டரையும் இணைக்க யுஎஸ்பி வீடியோ கேப்சர் சாதனம் ஒன்று போதும். வர்ச்சுவல்டப் 2 என்ற இலவச சாப்ட்வேரில் கேப்சர் வசதி உண்டு. நம் நாட்டு கேசட்டுகள் பால் முறையில் பதிவானவை. எனவே அளவு 720 x 576, விநாடிக்கு 25 ப்ரேம் என்று அமைக்கவும்.

எந்த பார்மட்டில் சேமிப்பது? கம்ப்ரஷன் எதுவும் இல்லாமல் பதிந்தால் இந்த அளவுள்ள வீடியோ விநாடிக்குச் சுமார் 20.7 மெகாபைட், ஒரு மணி நேரத்திற்கு ஏறக்குறைய 75 ஜிகாபைட் இடம் பிடிக்கும். தரம் துளியும் குறையாத லாஸ்லெஸ் கோடெக்குகளான ஹப்ஒய்யுவி, எப்எப்வி1 போன்றவற்றில் பதிந்தால் இது பாதியளவுக்குக் குறையும். மூன்று மணி நேர கேசட்டுக்கு நூறு ஜிகாபைட்டுக்கு மேல் தேவைப்படலாம். இன்றைய ஹார்ட் டிஸ்க்குகளில் இது பெரிய இடமில்லை.

விசிஆர் இல்லாதவர்கள் வீடியோ கடையில்தான் கொடுத்தாக வேண்டும். அங்கே வாயைத் திறந்து கேட்டு வாங்குவது முக்கியம். எங்கள் ஊர்க் கடை ஒன்றில் 2008-ல் இதே கேசட்டை மூன்று விசிடிகளாக மாற்றிக் கொடுத்தார்கள். விசிடியில் படத்தின் அளவு 352 x 288 தான். அதாவது கேப்சர் செய்யும்போது கிடைக்கும் புள்ளிகளில் நான்கில் ஒரு பங்கு. முகங்கள் எல்லாம் சதுரம் சதுரமாக உடைந்து தெரிந்தன. கடைக்காரரிடம் உங்கள் ஹார்ட் டிஸ்க்கையே கொடுத்து, கேப்சர் செய்த பைலை அப்படியே காப்பி செய்து தரும்படி கேளுங்கள். அது முடியாது என்றால் டிவிடி வரைக்கும் இறங்கி வரலாம். விசிடி வேண்டவே வேண்டாம்.

இப்படி வந்த பைல்தான் உங்கள் மூலம். அதை ஒரு போல்டரில் வைத்து, பிராப்பர்ட்டீஸில் ரீட்-ஒன்லி என்று அமைத்து விடுங்கள். இனி எந்தச் சோதனையும் அதன் நகலில்தான்.

ஓரிடத்தில் வெட்டினால் வேறிடத்தில் வெட்டுவது ஏன்?

சிலரிடம் ஏற்கனவே டிவிடி இருக்கும். அதில் முன்னும் பின்னும் வேண்டாததை மட்டும் நீக்கினால் போதும் என்பார்கள். இவர்கள் முழு எடிட்டிங் சாப்ட்வேருக்குப் போக வேண்டிய தேவையே இல்லை. மேக்எம்கேவி கொண்டு டிவிடியில் உள்ளதைத் தரம் மாறாமல் ஒரே பைலாக எடுத்துக் கொண்டு, லாஸ்லெஸ்கட் அல்லது அவிடெமக்ஸில் வெட்டலாம். ஆனால் வெட்டிப் பார்த்தால், நீங்கள் குறித்த இடத்தில் தொடங்காமல் சற்று முன்னதாகவே வீடியோ தொடங்கும். சாப்ட்வேரில் ஏதோ கோளாறு என்று பலரும் விட்டு விடுகிறார்கள். இது கோளாறு இல்லை.

டிவிடியில் உள்ள எம்பெக்-2 ஆனாலும், இன்றைய மொபைல்களில் உள்ள எச்.264 ஆனாலும், எல்லா ப்ரேம்களையும் முழுப் படமாகச் சேமிப்பதில்லை. ஐயர் ஹோமத்தில் நெய் விடும் காட்சியை எடுத்துக் கொள்ளுங்கள். பின்னால் உள்ள பந்தல், வாழை மரம், உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் அசைவதில்லை. அசைவது ஐயரின் கையும் புகையும்தான். எனவே ஒரு ப்ரேமை முழுப் படமாகச் சேமித்துவிட்டு, அடுத்து வரும் ப்ரேம்களில் என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக் கொள்கிறது கோடெக். முழுப் படமாக இருப்பது ஐ-ப்ரேம். இதையே கீ-ப்ரேம் என்றும் சொல்வார்கள். முந்தையதைப் பார்த்து உருவாவது பி-ப்ரேம். பின்னால் வருவதையும் சேர்த்துப் பார்த்து உருவாகும் இன்னொரு வகையும் உண்டு.

நீங்கள் வெட்டச் சொன்ன இடம் நடுவில் உள்ள ஒரு ப்ரேம் என்றால், அதற்கு முந்தைய முழுப் படம் இல்லாமல் அதைக் காட்ட முடியாது. எனவே மீண்டும் என்கோடிங் செய்யாமல் வெட்டும் சாப்ட்வேர், அருகில் முன்னால் உள்ள கீ-ப்ரேமிலிருந்து தொடங்குகிறது. பால் டிவிடியில் அதிகபட்சம் 15 ப்ரேமுக்கு ஒரு முறை கீ-ப்ரேம் வந்துவிடும். அதாவது 0.6 விநாடி. ஆகவே டிவிடியை இப்படி வெட்டுவதில் பெரிய நஷ்டம் இல்லை. இணையத்தில் இறக்கிய சில வீடியோக்களில் இந்த இடைவெளி பத்து விநாடி வரை இருக்கக் கூடும். அங்கேதான் வெட்டு வெகு தூரம் தள்ளிப் போகும்.

அவிடெமக்ஸில் வீடியோ அவுட்புட், ஆடியோ அவுட்புட் இரண்டையும் காப்பி என்றே வைத்துவிட்டு, கீபோர்டில் மேல், கீழ் அம்புக்குறிகளை அழுத்துங்கள். ஒவ்வொரு கீ-ப்ரேமாகத் தாவிச் செல்லும். வைத்துக் கொள்ளும் பகுதி தொடங்கும் இடம் கீ-ப்ரேமாக இருக்கும்படி பார்த்து வெட்டினால் போதும். ஒரு மணி நேர வீடியோவும் ஓரிரு நிமிடத்தில் சேவ் ஆகிவிடும். காரணம், இங்கே நடப்பது வெறும் காப்பிதான்.

இதற்கு மாறாக, ஒரு சாப்ட்வேரில் வெட்டி சேவ் செய்து, இன்னொன்றில் டைட்டில் சேர்த்து சேவ் செய்து, மூன்றாவதில் அளவைக் குறைத்து, பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நான்கு முறை என்கோடிங் நடக்கிறது. ஜெராக்ஸ் எடுத்ததை மறுபடி ஜெராக்ஸ் எடுப்பது போலத்தான் இது. கேசட்டில் ஏற்கனவே புள்ளி புள்ளியாக இரைச்சல் உண்டு. கோடெக்குக்கு அந்த இரைச்சலும் அசைவாகவே தெரியும். ஆகவே பழைய வீடியோ, புது மொபைல் வீடியோவை விடச் சீக்கிரம் கெட்டுப் போகும்.

சீப்புப் பல் கோடுகள்

கேப்சர் செய்த வீடியோவை கம்ப்யூட்டரில் பார்த்தால், யாராவது கையை வீசும் இடத்தில் சீப்பின் பற்களைப் போலக் கோடுகள் தெரியும். பழைய டிவிகளுக்காக, ஒற்றைப்படை வரிகளை ஒரு கணத்திலும் இரட்டைப்படை வரிகளை அடுத்த கணத்திலும் பதிந்தார்கள். விநாடிக்கு 25 ப்ரேம் என்றாலும் உண்மையில் அதில் 50 அரைப் படங்கள் இருக்கின்றன. இதுதான் இன்டர்லேஸ். கம்ப்யூட்டர் திரை இரண்டு அரைப் படங்களையும் ஒன்றாகக் காட்டுவதால் கோடுகள் வருகின்றன.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாப்ட்வேரில் இதைச் சரி செய்யலாம். பில்டர்ஸ் டேபில் டீ-இன்டர்லேஸ் என்ற இடத்தில் பிடபிள்யூடிஃப் அல்லது யாடிஃப் தேர்ந்தெடுத்து, ப்ரீசெட்டை பாப் என்று வையுங்கள். வீடியோ டேபில் ப்ரேம் ரேட் 50, கான்ஸ்டன்ட். இப்படிச் செய்தால் 50 அரைப் படங்களும் 50 முழு ப்ரேம்களாக மாறும். அசைவு, டிவியில் பார்த்த அதே வழுவழுப்போடு இருக்கும். 25 என்று வைத்தால் பாதி அசைவை வீசி எறிகிறீர்கள். குவாலிட்டி எண்ணை 12 என்று வையுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும். இது ஒரு கூடுதல் என்கோடிங்தான். ஆனால் இந்த அளவில் இழப்பு கண்ணுக்குத் தெரியாது.

இரண்டு விஷயத்தில் கவனம் தேவை. கோடுகளை நீக்கும் முன் படத்தின் உயரத்தை எந்த சாப்ட்வேரிலும் மாற்றக் கூடாது. வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் பிறகு எந்த பில்டராலும் பிரிக்க முடியாது. அடுத்து, மாற்றிய வீடியோவில் நடப்பவர்கள் ஓரடி முன்னே, ஓரடி பின்னே என்று நடுங்கினால், எந்த அரைப் படம் முதலில் என்ற வரிசை தவறாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த வரிசையை டாப் பீல்டு, பாட்டம் பீல்டு என்று மாற்றிப் பாருங்கள். ஷாட்கட்டில் கிளிப்பின் பிராப்பர்ட்டீஸில் இதற்கான இடம் உண்டு.

படத்தின் அடியில் சில வரிகள் கிழிந்தது போல ஆடிக்கொண்டிருக்கும். விசிஆரில் ஹெட் மாறும் இடம் அது. பழைய டிவிகளில் ஓரம் மறைந்துவிடும் என்பதால் அன்று யாரும் பார்த்ததில்லை. கீழே 8 முதல் 12 வரிகளை க்ராப் செய்து விடலாம். ஆனால் அகலத் திரைக்கு ஏற்றபடி படத்தை 16:9 என்று இழுக்காதீர்கள். ஐம்பது கிலோ மணப்பெண் எழுபது கிலோவாகத் தெரிவார். 4:3 படம், இரு பக்கமும் கறுப்புப் பட்டையோடு இருக்கட்டும்.

எதை வெட்டுவது?

எடிட்டிங்கிற்கு நான் பயன்படுத்தியது ஷாட்கட். கேடென்லைவ், டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு ஆகியவையும் நல்லவையே. எதில் செய்தாலும் நீங்கள் சேவ் செய்யும் பிராஜெக்ட் பைலில் வீடியோ இருக்காது. எந்த பைலில் எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை என்ற குறிப்புகள்தான் இருக்கும். எனவே எத்தனை முறை வெட்டினாலும் தரம் குறையாது. கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது மட்டும் ஒரு முறை என்கோடிங் நடக்கும். மூல பைலைப் போல்டர் மாற்றி வைத்தால் பிராஜெக்ட் அதைத் தேடி நிற்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மௌஸை நம்பி மூன்று மணி நேரத்தை வெட்ட முடியாது. ஜே, கே, எல் மூன்று கீகளும் பின்னால் ஓட்ட, நிறுத்த, முன்னால் ஓட்ட. எல் கீயை மேலும் மேலும் அழுத்தினால் வேகம் கூடும். ஷாட்கட்டில் எஸ் அழுத்தினால் கிளிப் இரண்டாகப் பிரியும். எக்ஸ் அழுத்தினால் அந்தத் துண்டு நீங்கி, பின்னால் இருப்பவை எல்லாம் முன்னால் நகர்ந்து இடைவெளியை மூடும். இசட் அழுத்தினால் துண்டு மட்டும் நீங்கி வெற்றிடம் அப்படியே இருக்கும். இந்த ஆறு கீகளில் பாதி வேலை முடிந்துவிடும்.

கல்யாண வீடியோவை எடிட் செய்பவர்கள் முதலில் கை வைப்பது பந்தியில்தான். இருபது நிமிடம் இலையும் சாம்பார் வாளியும் எதற்கு என்று மொத்தமாக நீக்கி விடுவார்கள். நான் பந்தியை வெட்டவில்லை. மாப்பிள்ளை, பெண் முகங்கள் ஆல்பத்தில் நூறு இடத்தில் இருக்கின்றன. பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் பலர் வேறு எந்தப் போட்டோவிலும் இல்லை. தாத்தாவின் நண்பர்கள், தூரத்து உறவுகள், பரிமாறிய அண்டை வீட்டுக்காரர்கள் என எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். வெட்ட வேண்டியது மேடையில் மொய்க் கவரோடு நின்று லைட் வெளிச்சத்தில் கண் கூசும் வரிசையை. அதிலும் ஒவ்வொருவருக்கும் மூன்று விநாடியாவது விட்டு வையுங்கள். அதற்குக் குறைந்தால் முகம் பதியாது.

கேமரா பக்கவாட்டில் நகர்ந்து கொண்டிருக்கும்போது வெட்டினால் கண்ணை உறுத்தும். நகர்வு முடிந்து அரை விநாடி நின்ற பிறகு வெட்டுங்கள். ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது படத்தையும் ஒலியையும் ஒரே இடத்தில் வெட்ட வேண்டும் என்ற அவசியமில்லை. ஐயர் கையைத் தூக்கிச் சைகை காட்டும் படத்தின் மேலேயே கெட்டிமேளச் சத்தத்தை ஒரு விநாடி முன்னதாகத் தொடங்கிவிட்டு, பிறகு தாலி கட்டும் படத்துக்கு மாறினால் வெட்டு இருப்பதே தெரியாது. ஷாட்கட்டில் டீடாச் ஆடியோ கொடுத்து ஒலியைத் தனி டிராக்கில் பிரித்துக் கொண்டால் இதைச் செய்யலாம்.

இதயம் விரிவது, பூ சுழல்வது போன்ற அந்தக் கால மிக்ஸிங் எபெக்ட்டுகள் படத்திலேயே பதிந்தவை. அவற்றை நீக்க முடியாது. நீக்கவும் வேண்டாம்.

குரலும் சினிமாப் பாட்டும்

அந்தக் கால ஸ்டூடியோக்களில் மிக்ஸிங் என்ற பெயரில் கல்யாணம் முழுவதற்கும் சினிமாப் பாட்டைப் போட்டு விடுவார்கள். மண்டபத்தில் யார் என்ன பேசினாலும் அது பாட்டுக்கு அடியில் போய்விடும். என் அப்பத்தா பேசுவதும் அப்படித்தான் இருந்தது.

முதலில் செய்ய வேண்டியது, மிக்ஸிங் செய்யாத ஒரிஜினல் கேசட் வீட்டில் எங்காவது இருக்கிறதா என்று தேடுவது. அடுத்தது பலருக்கும் தெரியாத ஒன்று. விஎச்எஸ் டேப்பில் ஒலிக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஓரத்தில் ஓடும் சாதாரண டிராக் ஒன்று. படத்தோடு சேர்ந்தே பதிவாகும் ஹை-பை டிராக் இன்னொன்று. ஆடியோ டப் முறையில் பாட்டைச் சேர்த்தால் சாதாரண டிராக் மட்டும்தான் அழியும். ஹை-பை டிராக்கில் மண்டபத்துச் சத்தம் அப்படியே இருக்கும். கேமரா ஹை-பை வகையாக இருந்து, உங்கள் கேசட் காப்பி எடுக்காத முதல் கேசட்டாகவும் இருந்தால்தான் இது பலிக்கும். இருந்தாலும் விசிஆர் ரிமோட்டில் ஆடியோ செலக்ட் பட்டனை அழுத்திப் பார்க்க ஒரு நொடிதான் ஆகும்.

எங்கள் கேசட்டில் இரண்டும் இல்லை. எனவே டெமக்ஸ் என்ற இலவசக் கருவியை முயன்றேன். இது செயற்கை நுண்ணறிவு கொண்டு, ஒரு பாட்டிலிருந்து குரலையும் இசைக் கருவிகளையும் தனித்தனியாகப் பிரிக்கும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யத் தயங்குபவர்கள் அல்டிமேட் வோக்கல் ரிமூவர் வழியாக அதையே பயன்படுத்தலாம். ஆனால் அதற்குத் தெரிந்தது குரல், குரல் அல்லாதது என்ற பிரிவுதான். பாடகரின் குரலும் அப்பத்தாவின் குரலும் அதற்கு ஒன்றே. எனவே பாட்டின் வரிகள் ஓடும் இடத்தில் இரண்டும் சேர்ந்தே வந்தன. பதினோரு விநாடியில் ஆறு விநாடி, பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் வரும் இசையின் மேல் விழுந்திருந்தது. அந்த ஆறு விநாடியில், யாரையோ பார்த்து "சாப்பிட்டுட்டுப் போய்யா" என்று அவர் சொல்வது தெளிவாகக் கேட்டது. மீதி ஐந்து விநாடி இன்னும் பாட்டுக்குள்தான் இருக்கிறது.

டேப்பின் உஸ் என்ற இரைச்சலைக் குறைக்க ஆடாசிட்டி போதும். யாரும் பேசாத ஓரிரு விநாடியைத் தேர்ந்தெடுத்து, நாய்ஸ் ரிடக்ஷனில் நாய்ஸ் ப்ரொபைல் எடுங்கள். பிறகு முழுவதையும் தேர்ந்தெடுத்து 6 முதல் 10 டெசிபல் வரை குறையுங்கள். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல ஆகிவிடும். கொஞ்சம் இரைச்சல் இருந்தால் பரவாயில்லை.

தொடக்கத்தில் சரியாக இருந்த உதட்டசைவு, போகப் போக ஒலியோடு பொருந்தாமல் விலகினால், கேப்சர் சாதனத்தின் கடிகாரமும் சவுண்டின் கடிகாரமும் ஒத்துப் போகவில்லை என்று பொருள். தேங்காய் உடைப்பது, தவிலில் ஓங்கி ஒரு அடி விழுவது போன்ற ஒரு நொடியைத் தொடக்கத்திலும் கடைசியிலும் கண்டுபிடித்து, எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளங்கள். ஒரு மணி நேரத்தில் 0.9 விநாடி என்றால் மாற்ற வேண்டிய வேகம் 0.025 சதவீதம்தான். ஆடாசிட்டியில் மொத்த நீளத்தை அந்த அளவுக்கு மாற்றினால் குரல் மாறியது யாருக்கும் தெரியாது. விலகல் சிறிது சிறிதாக இல்லாமல் ஓரிடத்தில் திடீரென்று தாவினால், அங்கே ப்ரேம்கள் விடுபட்டிருக்கும். அந்த இடத்தில் ஒலியை வெட்டி நகர்த்த வேண்டும்.

எக்ஸ்போர்ட்

எச்.264, விநாடிக்கு 50 ப்ரேம், குவாலிட்டியைக் குறிக்கும் சிஆர்எப் எண் 18, ஒலிக்கு ஏஏசி 192 கிலோபிட், எம்பி4 பைல். இது எல்லா டிவியிலும் மொபைலிலும் ஓடும். உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். 2 ஜிபி வரை மறு என்கோடிங் இல்லாமல் போய்ச் சேரும்.

முகங்களைத் தெளிவாக்கித் தரும் ஏஐ சாப்ட்வேர்களைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. கேசட்டில் ஒரு முகம் முப்பது புள்ளி அகலத்தில் இருந்தால், அதில் இல்லாத கண்ணிமையையும் பல் வரிசையையும் அந்த சாப்ட்வேர் யூகித்து வரைகிறது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது அந்த ஆளின் முகம் இல்லை. தெரியாத நடிகரின் படமென்றால் செய்யலாம். அப்பத்தா முகத்துக்கு நான் அதைச் செய்யவில்லை.

கடைசியாக ஒரு வேலை. எடிட் செய்த வீடியோவை வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து ஓட்டி, இவர் யார், அவர் யார் என்று கேட்டு, நேரத்தோடு எழுதிக் கொள்ளுங்கள். அந்தப் பெயர்களைப் படத்தின் மேல் நிரந்தரமாகப் பதிய வேண்டாம். சப்டைட்டில் பைலாக வைத்தால் வேண்டும்போது பார்க்கலாம், தவறு இருந்தால் திருத்தலாம். நோட்பேடில் முதல் வரியில் வரிசை எண், இரண்டாம் வரியில் 00:41:07,500 --> 00:41:12,000 என்பது போல நேரம், மூன்றாம் வரியில் பெயர், பிறகு ஒரு வெற்று வரி. இப்படியே தொடர வேண்டியதுதான். சேவ் செய்யும்போது வீடியோ பைலின் பெயரையே கொடுத்து, எக்ஸ்டென்ஷனை மட்டும் எஸ்ஆர்டி என்று மாற்றுங்கள். என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎப்-8 இருக்க வேண்டும். ஏஎன்எஸ்ஐ என்று இருந்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். இரண்டு பைலும் ஒரே போல்டரில் இருந்தால், விஎல்சி பிளேயர் தானாகவே பெயர்களைக் காட்டும்.